அனுபவப் பகிர்வு: பி.எல். தொடர்களும் அவற்றில் நடித்தவர்கள்மீது பாயும் வெறுப்பும்

மாலைத்தூறல் (மதுரை)

இரண்டு ஆண்களுக்கிடையே மலரும் காதலைச் சொல்லும் ஆசியத் தொடர்களை, பி.எல். (பாய்ஸ் லவ்) தொடர்கள் என்று நாம் சுருக்கமாக அழைப்பவற்றை, பார்ப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறோம். கதைகளைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அவற்றில் நடித்தவர்கள்மீது இணையத்தில் கொட்டப்படும் வெறுப்பை எங்கே, எப்படிக் கண்டோம் என்று இதுவரை பேசியதில்லை. என் அனுபவத்தை முதலில் வைக்கிறேன்.

2020 ஏப்ரல் மாதம், ஊரடங்கு தொடங்கி மூன்றாவது வாரம். வெள்ளிக்கிழமைதோறும் மாடியறையில் அமர்ந்து தாய்லாந்தின் ‘2கெதர்’ தொடருக்காகக் காத்திருப்பேன். ஜிஎம்எம்டிவி நிறுவனம் அதை ஆங்கில வசனவரிகளோடு யூடியூபில் ஏற்றும். அன்று அடுத்த பகுதியைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அறிய, நாயகர்களில் ஒருவரான பிரைட் வச்சிராவித்தின் பெயரை ட்விட்டரில் தேடினேன். தொடரைப் பற்றி ஒரு வரியும் கண்ணில் படவில்லை. அந்தப் பெயரின் கீழே ஹாங்காங்கைப் பற்றியும் தைவானைப் பற்றியும் ஆயிரக்கணக்கானோர் சண்டையிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஹாங்காங்கை நாடு என்று குறிப்பிட்ட ஒரு நிழற்படப் பதிவுக்கு அவர் ஆதரவு காட்டியதுதான் தொடக்கம். ஹாங்காங்கைத் தம் நாட்டின் பகுதியாகக் கருதும் சீன ரசிகர்கள் கொதித்தார்கள். அவர் தம் கவனக்குறைவுக்கு மன்னிப்புக் கேட்டார். அதில் நிறைவடையாதவர்கள் அவருடைய காதலியின் பழைய பதிவுகளைத் தோண்டினார்கள். கொரோனா கிருமியின் தோற்றம் குறித்துச் சீனாவைச் சாடுவதாகத் தோன்றிய ஒரு பகிர்வும், தைவானைத் தனியாகக் கருதுவதாகத் தோன்றிய ஒரு பேச்சும் கிடைத்தன. அதன்பின் சீனர்கள் தாய்லாந்தின் அரசையும் மன்னரையும் இகழ, தம் அரசின்மீது ஏற்கெனவே அதிருப்தியில் இருந்த அந்நாட்டு இளைஞர்கள் கோபப்படாமல் சிரித்தார்கள். ஹாங்காங், தைவான் இளைஞர்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். மூன்று இடங்களிலும் பால் கலந்த தேநீர் விரும்பிப் பருகப்படுவதால் அந்தச் சேர்க்கைக்கு ‘மில்க் டீ கூட்டணி’ என்ற பெயர் வந்தது. பாங்காக்கிலுள்ள சீனத் தூதரகம் அறிக்கை வெளியிட்டது. ஓராண்டு கழித்து ட்விட்டர் அதற்கெனத் தனிச் சின்னமே உருவாக்கியது.

இன்று பலரும் அதை இளைஞர்களின் நகைச்சுவை வென்ற கதையாகவே நினைவுகூர்கிறார்கள். எனக்கு நினைவிருப்பது அந்தப் பெண்ணின் படங்களுக்குக் கீழே நான் அன்றிரவு படித்தவை. அவருடைய முகம், உடல், குடும்பம் எதுவும் மிஞ்சவில்லை. அரசியல் கோபத்தில் எழுதியவர்கள் ஒரு பங்கு என்றால், ‘இவள் நம் நாயகனுக்குத் தகுதியானவள் அல்லள்’ என்று எழுத அந்தச் சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்தவர்கள்போல் தோன்றியவர்கள் இன்னொரு பங்கு. அவர்கள் சீனர்கள் அல்லர்; நான் பார்க்கும் தொடரை நேசித்துப் பார்ப்பவர்கள். அன்று நான் அஞ்சியது அவர்களைப் பார்த்துத்தான். உங்களுக்கு நேர்ந்தவற்றை எழுதுங்கள்.

கடலோரம் (சிங்கப்பூர்)

என்னோடு பணிபுரியும் தோழி ஒருவர் சீனாவின் செங்டு நகரைச் சேர்ந்தவர். ‘தி அன்டேம்ட்’ தொடரை எனக்கு அறிமுகப்படுத்தியவர் அவர்தான். சீனத்தில் ‘டான்மெய்’ எனப்படும் ஆண்காதல் புதினம் ஒன்றைத் தழுவி, தணிக்கைக்கு அஞ்சிக் காதலை ஆழ்ந்த நட்பாக மாற்றி, 2019 ஜூனில் தொடங்கி 50 பகுதிகளாக வெளிவந்த தொடர் அது. ஷியாவ் ஜானும் வாங் யிபோவும் நடித்திருந்தார்கள். சொல்ல முடியாத காதலைப் பார்வையாலும் குழலிசையாலும் சொன்ன விதத்தில் அதற்கு இணையான தொடரை நான் இன்னும் பார்க்கவில்லை.

தோழி அந்தப் பாத்திரங்களை வைத்து ரசிகர் கதைகள் எழுதுவார். சீனத் தளங்களில் எழுதினால் எப்போது நீக்கப்படும் என்று தெரியாது என்பதால், அமெரிக்க அமைப்பு ஒன்று தன்னார்வலர்களைக் கொண்டு நடத்தும் ஏஓ3 (ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்) என்ற ரசிகர் கதைத் தளத்தில் எழுதினார். 2019இல் அறிவியல் புனைவுலகின் ஹியூகோ விருது பெற்ற தளம் அது. காலையில் அலுவலகம் வந்து, பையை வைத்துவிட்டு, முந்தைய இரவு எத்தனை பேர் கருத்து எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் தேநீர் எடுக்கப் போவார்.

2020 பிப்ரவரி இறுதியில், வேறொருவர் அந்தத் தளத்தில் எழுதிய கதை ஒன்றில் ஷியாவ் ஜான் பெண்ணுடை அணிந்து பாலியல் தொழில் செய்பவராகச் சித்திரிக்கப்பட்டிருப்பதைக் கண்டு, அவருடைய ரசிகர்களில் ஒரு பிரிவினர் கொதித்தார்கள். கதையை எழுதியவரோடு வாதிடுவதோடு நிற்காமல், கூட்டமாகச் சேர்ந்து அரசு அமைப்புகளிடம் புகார் அளித்தார்கள். பிப்ரவரி 29 அன்று ஏஓ3 சீனாவில் முடங்கியது. ரசிகர்கள் புகாருக்கு அணிதிரண்ட 27ஆம் தேதியை வைத்து, சீனர்கள் அதை ‘227’ என்று மட்டுமே குறிப்பிடுகிறார்கள். தோழி சிங்கப்பூரில் இருந்ததால் அவருக்குத் தளம் திறந்தது; அவருடைய வாசகர்களுக்குத் திறக்கவில்லை. மார்ச் முதல் வாரத்தில் அவர் நேராகத் தேநீர் எடுக்கப் போகத் தொடங்கினார்.

அடுத்து நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். எழுத இடம் இழந்தவர்கள் அந்த நடிகர்மீது திரும்பினார்கள். அவர் விளம்பரப்படுத்திய பொருள்களைப் புறக்கணிக்க அழைப்பு விடுத்தார்கள். அந்த நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவையை மணிக்கணக்கில் முடக்கினார்கள். அவர் நடித்தவற்றுக்கெல்லாம் தாழ்ந்த மதிப்பெண் இட்டார்கள். மார்ச் 1 அன்று அவருடைய அலுவலகம் மன்னிப்புக் கேட்டும் அது தணியவில்லை. என் தோழியும் அதில் இருந்தார். மென்மையாகப் பேசுபவர், அலுவலகத்தில் யாரிடமும் குரல் உயர்த்தாதவர். “அவர் உங்களுக்கு என்ன செய்தார்?” என்று கேட்டேன். “அவர் ஒன்றும் செய்யவில்லை, தம் ரசிகர்களைத் தடுத்து ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, அதுதான்” என்றார். தோழி இழந்தது பெரிது என்பதால் நான் வாதிடவில்லை. ஆனால் முன்பின் தெரியாத லட்சக்கணக்கானோரின் செயலுக்கு ஒரு மனிதரைப் பொறுப்பாக்குவதை என்னால் அன்றும் ஏற்க முடியவில்லை, இன்றும் ஏற்க முடியவில்லை.

வேம்பு (சென்னை)

நான் தன்பாலீர்ப்பு கொண்டவன். ‘இவை பெண்களுக்காக எடுக்கப்படும் கற்பனை, உங்களைப் போன்றவர்களின் வாழ்க்கை இதில் இல்லை’ என்று என்னிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். பாதி உண்மை. 2016இல் வந்த ‘சோட்டஸ்’ போன்ற தொடக்ககாலத் தாய் தொடர்களில், காதலிக்கப்படும் ஆணை ‘மனைவி’ என்று அழைப்பதும், இசைவு கேளாமல் தொடுவதைக் குறும்பாகக் காட்டுவதும் எனக்கு உறுத்தின. ஆனால் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவைத் தளர்த்திய பிறகும் வீட்டில் ஒரு சொல் பேச முடியாதிருந்த எனக்கு, 2020இல் புக்கெட் தீவின் பழைய தெருக்களில் எடுக்கப்பட்ட ‘ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ’ தொடரில் ஒரு பையன் தன்னையே கண்டு அஞ்சி அழும் காட்சி, யாரும் தராத துணையைத் தந்தது.

என் அனுபவம் சிறியது. அந்தத் தொடரைப் பரிந்துரைத்துத் தமிழில் ஒரு பதிவு எழுதினேன். வந்த கருத்துகளில் சரிபாதி நடிகர்களைப் பற்றியவை: ‘இவன் அப்படித்தானா, இல்லையா?’ இல்லை என்றால் காசுக்காக நடிக்கும் போலி, ஆம் என்றால் எழுதக் கூசும் வசைகள். ஒரு மனிதர் தம்மைப் பற்றிச் சொல்லவும் சொல்லாமலிருக்கவும் உரிமையுள்ளவர் என்பதை நான் என் வாழ்க்கையில் பெரும் விலை கொடுத்துக் கற்றேன். அதனால் அந்தக் கேள்வியை ரசிகர்கள் ஆர்வமாகக் கேட்கும்போதும் எனக்கு வலிக்கிறது.

பினாங்குவாசி

ஒரு மாறுபட்ட கருத்து. எல்லாக் கோபத்தையும் வெறுப்பு என்ற ஒரே பெட்டியில் போட வேண்டாம். 2021இல் ‘வேர்ட் ஆஃப் ஹானர்’ என்ற டான்மெய் தழுவல் தொடரால் புகழின் உச்சிக்குச் சென்ற சீன நடிகர் ஜாங் ஜெஹான், ஜப்பானின் யாசுகுனி ஆலயத்தில் எடுத்துக்கொண்ட பழைய படங்கள் அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்தன. போர்க்குற்றவாளிகளையும் சேர்த்துப் போற்றும் இடம் அது. ஜப்பானியப் படை சீனாவில் நடத்திய நான்கிங் படுகொலையில் உறவினரை இழந்த குடும்பங்கள் இன்றும் இருக்கும்போது, சீனர்கள் வருந்தியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஜப்பானிய ஆட்சியைப் பற்றி என் பாட்டி சொன்னவற்றைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

ஆனால் அவர் மன்னிப்புக் கேட்டும், சில நாள்களிலேயே விளம்பரங்கள் போயின, அவருடைய வெய்போ கணக்கு போயிற்று, தொடரும் சீனத் தளத்திலிருந்து போயிற்று. அவசரமின்றி, இரவுக்கு ஒன்றாக 28 பகுதிகள் பார்த்திருந்தேன். அடுத்த முறை தேடியபோது கிடைக்கவில்லை. மொத்தம் 36 பகுதிகளில் உழைத்த வசனகர்த்தா, உடையலங்காரம் செய்தவர், விளக்குப் பிடித்தவர் ஆகியோர் எந்த ஆலயத்துக்குப் போனார்கள்? அடுத்த மாதமே, ‘பெண்மைச் சாயல் கொண்ட’ ஆண்களைத் திரையில் காட்டக் கூடாது என்று சீன ஒளிபரப்புத் துறை ஆணையிட்டது. படப்பிடிப்பு முடிந்த பல டான்மெய் தழுவல்கள் பெட்டிக்குள்ளேயே கிடக்கின்றன. கண்டிக்க நினைத்த மக்களின் கோபமும் ஒழிக்க நினைத்த அதிகாரத்தின் கையும் எந்த இடத்தில் ஒன்றுசேர்ந்தன என்பதை நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

செம்பருத்தி (திருச்சி)

மூன்று நாள்களாக இவற்றைப் படித்துவிட்டு எழுதுகிறேன். இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் கண்டதைச் சொன்னீர்கள். நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

தாய்லாந்தில் ‘கூ ஜின்’ என்று ஒரு வழக்கு உண்டு. கற்பனை ஜோடி என்று சொல்லலாம். தொடரில் காதலர்களாக நடித்த இருவரைத் தொடர் முடிந்த பிறகும் நிறுவனங்கள் ஒன்றாகவே மேடையேற்றுகின்றன. ஒன்றாக விளம்பரம், ஒன்றாக ரசிகர் சந்திப்பு, ஒருவர் தோளில் ஒருவர் சாயும் நேரலை. அது தொழில் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், கடுமையான ஒரு காலகட்டத்தில், அப்படிப்பட்ட இருவரின் அன்பு உண்மையானது என்று நம்பி அதைப் பற்றிக்கொண்டிருந்தேன். அவர்கள் பெயரைச் சொல்ல மாட்டேன்.

2022இல் ஒரு நாள், அவர்களில் ஒருவர் ஒரு பெண்ணோடு உணவகத்தில் அமர்ந்திருக்கும் படம் பரவியது. எனக்கு அது துரோகமாகவே பட்டது. நாங்கள் நாற்பது, ஐம்பது பேர் இருந்த ஒரு குழுவில் விடிய விடியப் பேசினோம். அவர் தம் பக்கத்தில் கருத்துகளை மூடிவிட்டதால், அவருடைய அக்கா நடத்தும் சிறிய கேக் கடையை யாரோ கண்டுபிடித்துச் சுட்டியைப் போட்டார்கள். நான் அந்தக் கடைக்கு ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, ‘மோசமான கடை, ஏமாற்றும் குடும்பம்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கடல் கடந்து, ஒருபோதும் போகாத ஊரில், ஒருபோதும் உண்ணாத கேக்குக்கு.

இரண்டு நாள் கழித்து அந்தக் கடையிலிருந்து தாய் மொழியில் பதில் வந்தது. மொழிபெயர்த்துப் பார்த்தேன். எந்த நாளில் வாங்கினீர்கள், எந்தக் கேக்கில் குறை என்று சொன்னால் சரிசெய்து தருகிறோம், சிரமத்துக்கு மன்னியுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் குழுவினர் எழுதிய ஒவ்வொன்றுக்கும் அதே பதில், அதே பணிவு. அந்த அக்காவுக்கு நாங்கள் யார் என்று தெரியாமலிருந்திருக்காது. தெரிந்தே ஒவ்வொருவரையும் வாடிக்கையாளராக நடத்தினார். நான் என் கருத்தை நீக்கிவிட்டேன். நீக்கியபோது அவருடைய பதிலும் சேர்ந்து மறைந்துவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கும் வழியையும் நானே அழித்துவிட்டதுபோல் இருந்தது.

தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் தன்பாலினத் திருமணம் சட்டப்படி நடக்கிறது. அன்று பாங்காக்கில் மணமுடித்தவர்களின் படங்களைப் பார்த்து மகிழ்ந்து அழுதேன். யாரை வேண்டுமானாலும் காதலிக்கும் உரிமைக்காக அழுத நான், ஒரு நடிகருக்கு அதே உரிமையை மறுத்தவள் என்பது அன்று தூங்கவிடவில்லை.

திண்ணை (கோவை)

செம்பருத்தி அவர்களே, இதை எழுத உங்களுக்குத் துணிவு வேண்டியிருந்திருக்கும். நான் சட்டம் படித்தவன் என்பதால் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். தென்கொரியாவில் இணைய வசைகளுக்கு ஆளான பாடகிகள் சல்லி 2019 அக்டோபரிலும் கூ ஹாரா நவம்பரிலும் இறந்த நாள்களில், பொழுதுபோக்குச் செய்திகளின்கீழ் கருத்துப் பகுதியை ‘டவும்’ இணையதளம் மூடியது; ‘நேவர்’ தளம் 2020 மார்ச்சில் மூடியது. ஜப்பானில் இணைய வசைகளுக்கு ஆளான 22 வயது மல்யுத்த வீராங்கனை ஹனா கிமுரா 2020 மே மாதம் இறந்த பிறகு, அவருடைய தாயார் விடாமல் போராடியதும் சேர்ந்து அவமதிப்புக் குற்றத்துக்கான தண்டனையை உயர்த்தவைத்தது. 2022 ஜூலை முதல் ஓராண்டு வரை சிறை விதிக்கலாம். கருத்துப் பகுதியை மூடினால் வசை வேறு தளத்துக்குப் போகிறது என்பது உண்மைதான். ஆனால் செய்தியைத் திறந்தவுடன் தம் பெயருக்கு நேர் கீழே அதைப் படிக்க வேண்டிய நிலை இல்லாமற்போவது, பாதிக்கப்பட்டவருக்குச் சிறிய விடுதலை அல்ல.

கடலோரம் (சிங்கப்பூர்)

செம்பருத்தி எழுதியதை என் செங்டு தோழிக்கு வாய்மொழியாக மொழிபெயர்த்துச் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமலிருந்து, அந்தக் கேக் கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். செம்பருத்தி, இருக்கிறது என்றால் எனக்குத் தனிச்செய்தியில் எழுதுங்கள். பெயரை இங்கே போட வேண்டாம். அடுத்த மாதம் நாங்கள் இருவரும் பாங்காக் போகிறோம்.