பழைய ஃபிளாஷ் விளையாட்டு: அனிமேட்டில் பட்டன் எதுவும் வேலை செய்யவில்லை

ஹட்டன் டீச்சர்:
வணக்கம். தோட்டப் பாடசாலை ஒன்றில் கணினி படிப்பிக்கிறேன். முன்பிருந்த சேர் ஃபிளாஷ் மென்பொருளில், அதன் நிரல் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 இல் செய்த உயிரெழுத்து விளையாட்டின் எஃப்எல்ஏ கோப்பு (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) கிடைத்தது. ஃபிளாஷின் இன்றைய வடிவமான அனிமேட்டில் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3 கோப்பு ஒன்றைத் திறந்து, படங்களையும் கோடையும் (நிரல் வரிகளை) அதில் ஒட்டினேன். படங்கள் சரி, கோடுக்குப் பிழை வரிசையாக வருகிறது. இரண்டும் ஒரே மொழிதானே? பெற்றோரின் போனில் ஓடினால் போதும்.

பண்டாரவளைக்காரன்:
பெயர்தான் ஒன்று டீச்சர். 2 இல் 'ஆன் ரிலீஸ்' என்று பட்டன் மேலேயே எழுதலாம். 2006 இல் வந்த 3 அதை ஏற்காது. பட்டனுக்கு இன்ஸ்டன்ஸ் பெயர் (கோடில் அதைக் குறிக்கும் பெயர்) கொடுத்து, டைம்லைன் ஃபிரேமில் (காட்சி வரிசையின் ஒரு கட்டத்தில்) 'ஆட் ஈவன்ட் லிசனர்' என்று, அழுத்துவதைக் கவனிக்கும் கட்டளையை எழுத வேண்டும். எக்ஸ், வை (திரையில் இருக்கும் இடம்), ஆல்ஃபா (எவ்வளவு மங்கலாகத் தெரியும் என்பது) இவற்றுக்கு முன்னால் இருந்த அடிக்கோடும் போய்விட்டது. இதில் ஆல்ஃபாதான் கள்ளன்: முன்பு 0 முதல் 100 வரை, இப்போது 0 முதல் 1 வரை. 50 என்று விட்டால் பிழையும் காட்டாது, எழுத்தும் மங்காது.

பதுளை அண்ணாச்சி:
அதெல்லாம் சரி, ஆனால் 3 க்கு மாற்றி எங்கே ஓட்டுவது? அதைப் பிரவுசரில் ஓட்டிய ஃபிளாஷ் பிளேயரை 2020 டிசம்பர் 31 உடன் அடோப் கைவிட்டது. ஏர் என்ற மென்பொருள் வழியாக ஆண்ட்ராய்டு செயலி ஆக்கலாம், இவ்வளவு சின்ன விளையாட்டுக்கு அது வீண் வேலை. அனிமேட்டிலேயே, பிரவுசரில் நேராக ஓடும் எச்டிஎம்எல்5 கேன்வாஸ் கோப்பு திறந்து படங்களை அதில் ஒட்டி, கோடை ஜாவாஸ்கிரிப்டில் எழுதுங்கள். பழைய மொழியும் இதுவும் எக்மாஸ்கிரிப்ட் என்ற ஒரே மொழித் தரத்தின் குடும்பம், இஃப், ஃபார் எல்லாம் பழகியதுதான். வில்லங்கம் ஃபிரேம் எண்ணில். ஃபிளாஷில் 1 இல் தொடங்கும், இங்கே 0 இல். 5 க்குப் போகச் சொன்னால் ஆறாவது ஃபிரேமுக்குப் போகும். எண்ணை விட்டுவிட்டு ஃபிரேமுக்கு லேபல் (பெயர்) வையுங்கள். கிளிக் ஃபங்ஷனுக்குள் 'திஸ்' டைம்லைனைக் குறிக்காது, அதை டைம்லைனோடு இணைக்க 'பைண்ட்' போட வேண்டும்.

ஹட்டன் டீச்சர்:
நன்றி அண்ணா, கேன்வாஸில் பட்டன் எல்லாம் ஓடுகிறது. முதலில் 'அ' வை அழுத்தினால் 'ஆ' வந்தது, லேபல் வைத்ததும் சரி. தொடக்கத்தில் வர வேண்டிய பாட்டு மட்டும் கணினியில் கேட்கிறது, போனில் கேட்கவில்லை.

பதுளை அண்ணாச்சி:
பிரவுசரின் கட்டுப்பாடு அது. ஆள் திரையைத் தொடும்வரை தானாகச் சத்தம் போட விடாது. முதல் ஃபிரேமில் 'தொடங்கு' என்று ஒரு பட்டன் வைத்து, பாட்டை அந்தக் கிளிக்கில் ஆரம்பியுங்கள்.

பண்டாரவளைக்காரன்:
பழைய எஸ்டபிள்யூஎஃப் கோப்பும் (ஓடும் நிலையில் உள்ள ஃபிளாஷ் கோப்பு) இருந்தால் பாடசாலைக் கணினியில், ஃபிளாஷ் பிளேயர் இல்லாமலே அதை ஓட்டும் ரஃபிள் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 2 அதில் பெரும்பாலும் அப்படியே ஓடும்.