தொங்குசுவரா, திரைச்சுவரா?

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் பாடநூலை மொழிபெயர்த்துவரும் அம்மையார் கேட்டிருந்தது இது:

> "கர்ட்டன் வால்" என்பதற்குத் "திரைச்சுவர்" என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது. அதையே போட்டுவிடலாமா? "ஸ்ட்ரக்சுரல் கிளேசிங்", "டஃபன்டு கிளாஸ்" ஆகியவற்றுக்கும் சொல் சொன்னால் உதவியாக இருக்கும்.

இதுவரை வந்த மறுமொழிகளில் கண்ணாடிச் சுவர், பளிங்குச் சுவர், சுமைதாங்காச் சுவர் ஆகிய மூன்றும் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. பேராசிரியர் ஐயா திரைச்சுவரே போதும் என்கிறார். என் வாக்கு தொங்குசுவருக்கு. புதிதாகப் படிப்பவர்களுக்காக: உயரமான கட்டடங்களில் தளங்களின் விளிம்பில் மாட்டி வெளிப்புறத்தை மூடும் முகப்புதான் கர்ட்டன் வால். கட்டட முகப்பு வரைபடங்களைச் சரிபார்ப்பது என் பிழைப்பு என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிச் சுவரை முதலில் கழித்துவிடலாம். கர்ட்டன் வாலில் கண்ணாடி மட்டும்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அலுமினியத் தகடு இருக்கலாம், மெல்லிய கருங்கல் பலகை இருக்கலாம், இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகையைக் கடைக்காரர்கள் ஏ.சி.பி. ஷீட் என்று சொல்கிறார்களே, அதுவும் இருக்கலாம். கண்ணாடிக் கட்டிகளை அடுக்கிக் கட்டும் சுவரோ முழுக்க முழுக்கக் கண்ணாடி, ஆனால் அது கர்ட்டன் வால் அல்ல. பொருளின் பெயரை வைத்து அமைப்புக்குப் பெயரிட்டால் இந்தச் சிக்கல் வரத்தான் செய்யும்.

பளிங்குச் சுவர் கேட்க இனிக்கிறது. மணிமேகலையில் வரும் பளிக்கறையை, அதாவது படிக மண்டபத்தை, நினைவூட்டிய நண்பருக்கு நன்றி. உள்ளே இருப்பவரின் உருவம் வெளியே தெரியும், குரல் மட்டும் வெளியே வராது என்று அந்த மண்டபத்தைச் சொல்லியிருப்பது இன்றைக்கும் ஒலித்தடுப்பு ஆலோசகர்கள் எழுதிக் கேட்கும் நிபந்தனைதான். ஆனால் இன்று பளிங்கு என்றால் யாருக்கும் மார்பிள்தான் நினைவுக்கு வரும். பாடநூலைப் படித்துவிட்டு மாணவன் சலவைக்கல் சுவரைக் கற்பனை செய்துகொண்டு போவான். வேண்டாம்.

சுமைதாங்காச் சுவர்தான் நால்வரில் கெட்டிக்காரத்தனமான சொல். செங்கல் சுவர் கூரையைத் தாங்குகிறது, இந்தச் சுவர் எதையும் தாங்கவில்லை, ஆகவே சுமைதாங்காச் சுவர் என்பது அதன் தர்க்கம். பாதி உண்மை. கட்டடத்தின் எடையை அது தாங்குவதில்லை. பாஸ்டன் நகரின் ஜான் ஹான்காக் கோபுரத்தில் 1973 வாக்கில் கண்ணாடிகள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்து விழத் தொடங்கின. ஒவ்வொன்றும் 4 அடிக்கு 11 அடி, ஏறக்குறைய 225 கிலோ. இரண்டு கண்ணாடிகளை விளிம்பில் ஈயத்தால் பற்றவைத்து ஒன்றாக்கியிருந்தார்கள். அந்தப் பற்று வளைந்து கொடுக்காத அளவுக்கு விறைப்பாக இருந்ததால், வெயிலிலும் காற்றிலும் ஏற்பட்ட அசைவெல்லாம் கண்ணாடியின் மீதே இறங்கியது. உடைந்த இடங்களை ஒட்டுப்பலகை கொண்டு மூடினார்கள். கடைசியில் 10,344 கண்ணாடிகளையும் கழற்றி மாற்றினார்கள். ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர் முழுவதையும் கழற்றி மாற்ற முடிகிறது என்றால் அந்தச் சுவர் கட்டடத்தைத் தாங்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஆனால் காற்று? சென்னைக்கு இந்திய நெறிமுறை வகுத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். உயரத்துக்கும் இடத்துக்கும் உரிய திருத்தங்களைச் சேர்க்காமலே, சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம். ஒன்றரை மீட்டருக்கு இரண்டு மீட்டர் அளவுள்ள ஒரு கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மி.மீ. தடிமன் என்றால் அதன் எடை 90 கிலோ. அதன்மேல் காற்று தரும் சுமையோ 450 கிலோ. எடையைப்போல் ஐந்து மடங்கு. அதுவும் உள்நோக்கித் தள்ளுவது மட்டுமல்ல. கட்டடத்தின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் வெளியே பிடித்து இழுக்கும், மூலைகளில் இன்னும் மோசமாக. இதையெல்லாம் வாங்கித் தளத்துக்குக் கடத்தும் சுவரைப் போய்ச் சுமைதாங்காச் சுவர் என்று மாணவனுக்குச் சொல்லிக்கொடுத்தால், நாளை அவன் போடும் போல்ட்டும் அதே நம்பிக்கையில் இருக்கும்.

இனி திரைச்சுவர். ஐயாவின் வாதம் இது:

> ஆங்கிலத்தில் உள்ள உருவகத்தையே தமிழும் எடுத்துக்கொண்டால் மாணவருக்கு இரண்டு மொழிகளுக்கும் இடையே போய்வர எளிது.

ஐயா, ஆங்கிலத்திலேயே அந்த உருவகம் இரவல் வாங்கியது. கோட்டைக் கொத்தளங்களுக்கு இடையே ஓடும் மதிலுக்கும் அங்கே அதே பெயர்தான். பல அடி தடிமனுள்ள கல்மதில் ஒன்று, 6 மி.மீ. கண்ணாடி ஒன்று, இரண்டுக்கும் ஒரே பெயர். அந்தக் குழப்பத்தை நாமும் சுமக்கவேண்டுமா? தவிர, திரை என்றால் நமக்கு மறைப்பது. கண்ணாடி முகப்பு செய்வதோ காட்டுவது. கழிவறை வாசலில் பார்வையை மறைக்க எழுப்பும் குட்டிச்சுவரைத் திரைச்சுவர் என்றால் எந்தக் கொத்தனாருக்கும் புரியும். அந்தச் சொல் அங்கே இருக்கட்டும்.

தொங்குசுவர் என்பது உருவகம் அல்ல, நடப்பது அதுதான். தளத்தின் விளிம்பில் ஒரு எஃகுப் பிடிப்பானைப் பொருத்துகிறார்கள். அலுமினிய நிமிர்சட்டத்தின் தலைப்பகுதியை அதில் போல்ட் போட்டு மாட்டுகிறார்கள். சட்டத்தின் கால் எங்கும் ஊன்றியிருப்பதில்லை. கீழ்மாடிச் சட்டத்தின் தலையிலிருந்து நீளும் ஓர் உட்செருகலின்மேல் அது உறைபோலச் செருகி, ஏறியிறங்க வசதியாக, ஒன்று அல்லது ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளியுடன் நிற்கும். அந்த இடைவெளி இல்லாமல் நெருக்கி மாட்டிவிட்டால் என்ன ஆகும்? அலுமினியம் எஃகைப்போல் ஏறக்குறைய இருமடங்கு நீளும். மூன்றரை மீட்டர்ச் சட்டம் 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் 3 மி.மீ.க்கு மேல் நீளும். அதோடு மேல்தளம் ஆட்களையும் அலமாரிகளையும் ஏற்றிய பிறகு சில மி.மீ. தாழும். இரண்டும் சேர்ந்து சட்டத்தை நடுவில் பிதுக்கும், கண்ணாடி விளிம்பு சட்டத்தில் இடிக்கும், மூலையிலிருந்து விரிசல் ஓடும். இடைவெளி எதற்கு என்று கேட்கும் மாணவனுக்குச் சுவர் தொங்குகிறது என்ற ஒரே வார்த்தை பதிலாகிவிடும். திரை என்ற சொல் அவனுக்கு எதையும் சொல்லாது.

இன்னொரு லாபமும் உண்டு. ஒவ்வொரு மாடியிலும் அந்த மாடியின் தளத்தின்மேல் உட்கார்ந்து, மேல்தளத்தின் அடியில் முடிகிற கண்ணாடி அமைப்பு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் விண்டோ வால். இரண்டையும் விற்பவர்களே போட்டுக் குழப்புகிறார்கள். அதைச் சாளரச்சுவர் என்று வைத்துக்கொண்டால் வேறுபாடு பளிச்சென்று நிற்கும்: சாளரச்சுவர் தளத்தின்மேல் உட்காரும், தொங்குசுவர் தளத்துக்கு வெளியே தொங்கும். வெளியே தொங்குவதால்தான் தளத்தின் விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே அடிமுதல் முடிவரை ஒரு சந்து விழுகிறது. மூன்றாம் மாடியில் தீப்பிடித்தால் புகை நான்காம் மாடிக்கு ஏற அந்தச் சந்து போதும். அதில் எரியாத பாறைப்பஞ்சைத் (ராக் வூல்) திணித்து, மேலே புகைத்தடுப்புப் பூச்சு பூசவேண்டும். எங்கள் மேசைக்கு வரும் வரைபடங்களில் அடிக்கடி விடுபடுவது இதுதான். ஆரம்பத்திலேயே தொங்குசுவர் என்று படித்தவன் அந்தச் சந்தைத் தேடுவான் என்று நம்புகிறேன்.

வரலாறும் இதற்கு ஒத்துவருகிறது. 1851இல் லண்டன் ஹைடு பூங்காவில் ஜோசப் பாக்ஸ்டன் எழுப்பிய கிரிஸ்டல் பேலஸ் ஏறக்குறைய மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகளால் ஆனது. ஆனால் அங்கே கண்ணாடி இரும்புத் தூண்களுக்கு இடையில் அடைக்கப்பட்டிருந்தது. 1918இல் சான் பிரான்சிஸ்கோவில் வில்லிஸ் போல்க் கட்டிய ஹாலிடி கட்டடத்தில்தான் தூண்கள் உள்ளே பின்வாங்கி நிற்க, கண்ணாடி முகப்பு அவற்றுக்கு முன்னால் தனியே தொங்கியது. முன்னது அடைப்பு, பின்னது தொங்கல். ஒரு நண்பர் தொங்கு என்றாலே தூக்கு நினைவுக்கு வருகிறது என்று எழுதியிருந்தார். தொங்கு பாலத்தில் ஏறும்போது அவருக்கு அப்படித் தோன்றுவதில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்து ஸ்ட்ரக்சுரல் கிளேசிங். நம் ஊரில் இந்தச் சொல் பட்டபாடு சொல்லி மாளாது. வெளியே கண்ணாடி தெரிந்தால் போதும், பெயர்ப்பலகையிலிருந்து விலைப்பட்டியல் வரை எல்லாம் ஸ்ட்ரக்சுரல் கிளேசிங்தான். அதைக் "கட்டமைப்புக் கண்ணாடி வேலை" என்று ஒருவர் மொழிபெயர்த்திருக்கிறார். சொல்லுக்குச் சொல் சரி, பொருளுக்கு நேர் எதிர். கண்ணாடி இங்கே கட்டமைப்பு வேலை எதையும் செய்வதில்லை. அந்த வேலையைச் செய்வது சிலிக்கோன் பசை. வெளியிலிருந்து பட்டை வைத்துக் கண்ணாடியைப் பிடிப்பதற்குப் பதிலாக, பின்பக்கம் சட்டத்தோடு ஒட்டிவிடுகிறார்கள். காற்றின் இழுப்பு முழுவதும் அந்தப் பசைக்கோட்டின் பொறுப்பு. மேலே சொன்ன அதே கண்ணாடிக்கு அதே காற்றில் தேவைப்படும் பசையின் அகலம், வழக்கமான கணக்கில், 8 மி.மீ.க்குச் சற்று அதிகம். சுண்டுவிரலின் அகலம்கூட இல்லை. ஒட்டும் இடத்தில் தூசியோ எண்ணெய்ப்பசையோ இருந்தால் கணக்கு கணக்காகவே இருக்கும், கண்ணாடி இருக்காது.

ஆகவே இதற்குப் பசைப்பிடி முகப்பு என்று சொல்லலாம். பிடி என்ற சொல்லுக்கு இங்கே இரட்டை வேலை: ஒட்டும் அகலத்தை ஆங்கிலத்தில் பைட் என்கிறார்கள், நாம் "பிடி அகலம்" என்று எழுதிவிடலாம்.

டஃபன்டு கிளாஸ் விஷயத்தில் கடினக் கண்ணாடி என்பதைத் தயவுசெய்து தவிர்க்கவேண்டும். அதில் கடினம் கூடுவதில்லை. சாவியால் கீறினால் மற்ற கண்ணாடியைப் போலவேதான் கீறல் விழும். கூடுவது வலு. கண்ணாடியை ஏறக்குறைய 620 டிகிரி வரை சூடாக்கி இருபுறமும் காற்றைப் பீய்ச்சி மேற்பரப்பைச் சட்டென்று குளிரவைக்கிறார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. நடுப்பகுதி பின்னால் குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை உள்ளே இழுத்து அமுக்குகிறது. வளைந்தால் அந்த அமுக்கம் தீர்ந்த பிறகுதான் விரிசலுக்கு வாய் திறக்கும். அதனால் வலு நான்கைந்து மடங்கு. உடைந்தால் சிறு சிறு துண்டுகளாகக் கொட்டும். சூடாக்கிய பிறகு வெட்டவோ துளையிடவோ முடியாது. ஒரு தாழ்ப்பாள் துளையை மறந்துவிட்டு ஆர்டர் கொடுத்தவர்களைக் கேளுங்கள், கதை சொல்வார்கள்.

கொல்லர் வழக்கிலிருந்து தோய்ச்சல் கண்ணாடி என்று யாரோ பரிந்துரைத்திருந்தார்கள். அழகான சொல். 1870களில் பிரான்சின் தெ லா பாஸ்தி உண்மையிலேயே சூடான கண்ணாடியை எண்ணெயில் தோய்த்துத்தான் இதைச் செய்தார். ஆனால் இன்று தோய்ப்பதில்லை, ஊதுகிறார்கள். மேலும் பாதி வழியில் நிற்கும் கண்ணாடி ஒன்றும் உண்டு, ஹீட் ஸ்ட்ரெங்தன்டு என்பார்கள். மெதுவாகக் குளிரவைப்பதால் அதற்கு இரண்டு மடங்கு வலுதான், உடைந்தாலும் பெரிய துண்டுகளாகச் சட்டத்திலேயே பெரும்பாலும் தங்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முழுவலுக் கண்ணாடி, அரைவலுக் கண்ணாடி என்பவை எனக்குப் பிடித்திருக்கின்றன. இரண்டு, நான்கு என்ற கணக்குக்கும் பொருந்திவருகிறது.

எந்த வலுவும் ஏற்றாத, ஆலையில் மெல்ல ஆறவைத்த கண்ணாடிக்கு "ஆற்றுக் கண்ணாடி" என்று ஒரு பரிந்துரை வந்தது. காவிரியா தாமிரபரணியா என்று கேட்கத் தோன்றுகிறது. கடைகளில் சாதாக் கண்ணாடி என்கிறார்கள், பாடநூலிலும் சாதாக் கண்ணாடி என்றே இருக்கட்டும். தோசைக்குப் பொருந்துவது இதற்கும் பொருந்தும். நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டடுக்கு அடுக்குக் கண்ணாடி, ஃப்ளோட்டுக்கு மிதப்புக் கண்ணாடி என்பவற்றில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. உருகிய வெள்ளீயத்தின்மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுத் தகடாக்கும் முறையைப் பிரிட்டிஷ் நிறுவனமான பில்கிங்டன் 1959இல் அறிவித்தது, 2000 முதல் ஸ்ரீபெரும்புதூரிலேயே அப்படி மிதந்துகொண்டிருக்கிறது. சொல் மட்டும் ஏன் பின்தங்கவேண்டும்?

திரை என்ற சொல்லை அடியோடு விட்டுவிட ஐயாவுக்கு மனம் வராது என்று தெரியும். அதற்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன். தொங்குசுவரில் ஒவ்வொரு தளத்தின் விளிம்பையும் பொய்க்கூரையையும் மறைப்பதற்காகப் பின்பக்கம் நிறம் பூசிய, ஒளி புகாத கண்ணாடி வைக்கிறோம். ஸ்பாண்ட்ரல் என்பார்கள். அது உண்மையிலேயே மறைக்கிறது. அதைத் திரைக்கண்ணாடி என்று சொல்லலாமா, ஐயா?

இன்னொன்று பாக்கி. நிமிர்சட்டம் ஏறியிறங்க வசதியாக நழுவும் அந்த மூட்டுக்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை. "நழுவுமூட்டு" என்று வைத்தால் தவறி நழுவிவிட்டது போலக் கேட்கிறது. மரம் மழையில் ஊதுவதற்கு இடம் விட்டுக் கதவு கோக்கும் ஆசாரிகளிடம் இதற்கு ஒரு சொல் கட்டாயம் இருக்கும். ஆசாரிமார் பழக்கம் உள்ளவர்கள் கேட்டு எழுதுங்கள். அம்மையார் அந்த அத்தியாயத்தை அச்சுக்கு அனுப்புவதற்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
முகப்பு வரைபடக்காரன்