நாமினி பெயர் இருந்தும் ஏழு மாத அலைச்சல்

என் தந்தை 2024 ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுவாரம் காலமானார். காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர் அவர். கடையை விற்றபோது கிடைத்த பணத்தில் 6 லட்சம் ரூபாயை உள்ளூர் வங்கிக் கிளையில் வைப்புத்தொகையாகப் போட்டிருந்தார். மாதந்தோறும் அதிலிருந்து வந்த சுமார் 3,700 ரூபாய் வட்டியில்தான் அவருக்கும் அம்மாவுக்கும் மருந்துச் செலவும் பால், மின்கட்டணம் போன்றவையும் கழிந்தன. ஓய்வூதியம் என்று எதுவும் கிடையாது. வைப்புத்தொகையும், வட்டி வரவாகும் சேமிப்புக் கணக்கும் அப்பா ஒருவர் பெயரிலேயே இருந்தன என்றாலும், இரண்டிலும் அம்மாவை நாமினியாக, அதாவது தனக்குப்பின் பணத்தைப் பெற்றுக்கொள்பவராக, அவர் முறைப்படி பதிவு செய்திருந்தார். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அலைச்சல் அத்தனையும் இந்தப் பதிவை எவரும் பொருட்படுத்தாததால் வந்ததே.

பிப்ரவரி நடுவில், இறப்புச் சான்றிதழ் கைக்கு வந்த மறுநாள், அம்மாவை அழைத்துக்கொண்டு கிளைக்குப் போனேன். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஊருக்கு ஒருமுறை வந்துபோக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். டோக்கன் எடுத்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். எங்கள் எண் வரவேண்டிய நேரத்தில், மேலாளருக்குத் தெரிந்தவர் போலிருந்த ஒருவர், டோக்கனே எடுக்காமல் நேரே கவுண்டருக்குள் நுழைந்து, அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருடைய வேலை முடிய இருபது நிமிடம் ஆனது. வரிசையில் இருந்த பதினைந்து பேரில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை என்பது இன்றும் எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

எங்கள் முறை வந்ததும் அம்மா பாஸ்புக்கை நீட்டினார். முதல் பக்கத்தில், கணக்கு எண்ணுக்குக் கீழே, நாமினி பதிவு செய்யப்பட்டுள்ளது என்ற வரி அச்சாகியிருந்தது. அந்த வரியின் மேல் விரலை வைத்து, “இதுல என் பேரைத்தான் போட்டிருக்காரு சார்” என்று அம்மா சொன்னார். அலுவலர் விரல் இருந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. “அது இருக்கட்டும்மா, வாரிசுச் சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அது இல்லாம ஒண்ணும் நடக்காது” என்று சொல்லிவிட்டு, அடுத்த எண்ணை அழைக்கும் பொத்தானை அழுத்தினார். எங்கள் உரையாடல் ஒரு நிமிடம்கூட நீடித்திருக்காது.

வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தோம். அந்த மையத்தில் இருந்த இளம்பெண் எங்களிடம் காட்டிய பொறுமையைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. என்னென்ன ஆவணங்கள் தேவை என்று ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்ததோடு, அம்மாவின் ஆதார் அட்டையில் பெயரின் முதலெழுத்து விடுபட்டிருந்ததையும் கவனித்துச் சொன்னவர் அவர்தான். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலரிடம் போய், அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கும், பிறகு வட்டாட்சியருக்கும் போக வேண்டும். மார்ச் மாதம் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிக்கப்பட்டது. ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு முடியும்வரை வருவாய்த்துறையில் எல்லோரும் தேர்தல் பணியில் இருந்தார்கள். அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மே மாதம் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. காரணம், இறந்தவரின் தாயாருடைய இறப்புச் சான்றிதழ் இணைக்கப்படவில்லை என்பது.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஒருவரின் மனைவி, மக்களோடு அவருடைய தாயும் முதல் வகுப்பு வாரிசு. ஆகவே தாய் உயிரோடு இல்லை என்பதற்கு ஆதாரம் கேட்பது சரிதான். எங்கள் பாட்டி இறந்தது 1987-ல், வீட்டில், ஓர் ஐப்பசி மழை நாளில். அந்த இறப்பை அப்போது யாரும் பதிவு செய்யவில்லை. ஓராண்டுக்கு மேல் தாமதமான இறப்பைப் பதிவு செய்ய வேண்டுமானால் கோட்டாட்சியரின் ஆணை தேவை. அதற்கு முன், பதிவேட்டில் இந்த இறப்பு இல்லை என்று ஒரு சான்று தேவை. பாட்டியை அறிந்த இரண்டு பெரியவர்களின் வாக்குமூலம் தேவை. அம்மாவின் கையில் பணம் வருவதற்காக, முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் போய்ச் சேர்ந்த பாட்டியின் மரணத்தை நாங்கள் நிரூபிக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையில் வங்கியும் சும்மா இருக்கவில்லை. மார்ச்சில் ஒருமுறை போனபோது, வாரிசுகள் அனைவரும் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்றார்கள். என் அக்கா மஸ்கட்டில் இருக்கிறார். வர இயலாது என்றால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பச் சொன்னார்கள். ஜூனில் போனபோது, இரண்டு ஜாமீன்தாரர்களும் முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரமும் வேண்டும் என்றார்கள். ஒவ்வொரு முறையும் ஒரு காகிதத்தின் பெயரை மட்டும் சொல்லி அனுப்பினார்கள். மொத்தப் பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, “ஒண்ணொண்ணா கொண்டு வாங்க சார், பார்த்துச் சொல்றேன்” என்பதே பதில். எங்களை எரிச்சலடைய வைத்தது காகிதங்களின் எண்ணிக்கையைவிட இந்தப் பதில்தான். எழுத்தில் எதையும் தராதவரை, எதைச் சொன்னாலும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

ஜூனில் போன அன்று நடந்த இன்னொன்றையும் எழுத வேண்டும். ஒரு படிவத்தில் அம்மாவைக் கையெழுத்திடச் சொன்னார்கள். கவுண்டரில் நூலால் கட்டியிருந்த பேனா எட்டவில்லை. அம்மா குனிந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த சிறிய பலகையில் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். அறுபத்தெட்டு வயது, விரல் நடுக்கத்தில் மூன்றாவது எழுத்தின் சுழி கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. பின்னால் நின்றிருந்த ஓர் இளைஞர், “பாட்டி, சீக்கிரம் ஆகட்டும், எங்களுக்கும் வேலை இருக்கு” என்றார். அலுவலர், கையெழுத்து ஒத்துவரவில்லை, மறுபடி போடுங்கள் என்றார். அம்மா நான்கு முறை எழுதினார். வெளியே வந்து பேருந்து நிறுத்தம்வரை எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில்தான் அவர் சர்க்கரை மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. நான் மாதந்தோறும் அனுப்பிய பணத்தில் பாதியை, ஜாமீன்தாரர்களாக வர ஒப்புக்கொண்ட உறவினர்களுக்குச் செய்ய வேண்டியிருக்குமே என்று எடுத்து வைத்திருந்தார். அந்த உறவினர்களில் ஒருவர்தான், கணவன் போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பணத்துக்கு அலைகிறாள் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜூலையில் கோட்டாட்சியர் அலுவலகத் தாழ்வாரத்தில் காத்திருந்தபோது, பக்கத்தில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எங்கள் கோப்பைப் பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று விசாரித்தார். அவர் வேறொரு வங்கியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பாஸ்புக்கைக் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார். “நாமினி பேர் இருக்கேம்மா, உங்களை யாரு வாரிசுச் சான்றிதழ் கேட்டது?” என்றார். ஐந்து மாதமாக அம்மா சுட்டிக்காட்டிய வரியை முதன்முதலாக ஒருவர் படித்தார்.

அவர் விளக்கியதைப் பின்னர் நானே தேடிப் படித்து உறுதிசெய்துகொண்டேன். 1949-ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 45இசட்ஏ பிரிவின்படி, வைப்பாளர் இறந்தபின் நாமினியிடம் பணத்தைக் கொடுத்தவுடன் வங்கியின் பொறுப்பு தீர்ந்துவிடுகிறது. நாமினி அந்தப் பணத்துக்கு முழு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. வாரிசுகள் சார்பில் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே. வாரிசுகளுக்குள் தகராறு வந்தால் அதை அவர்கள் தங்களுக்குள்ளோ நீதிமன்றத்திலோ தீர்த்துக்கொள்ள வேண்டும். நீதிமன்றத் தடை எதுவும் இல்லாதவரை வங்கிக்கு அதில் வேலையில்லை. 2005 ஜூனில் ரிசர்வ் வங்கி வணிக வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலும் இது தெளிவாக உள்ளது. நாமினி இருக்கும் கணக்கில், தொகை எவ்வளவாக இருந்தாலும், வாரிசுரிமைச் சான்றோ, உறுதிமொழிப் பத்திரமோ, ஜாமீனோ கேட்கக் கூடாது. இறப்புச் சான்றும் நாமினியின் அடையாளச் சான்றும் கோரிக்கைப் படிவமும் கிடைத்த 15 நாட்களுக்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். அந்த விதிக்கு அப்போது பத்தொன்பது வயது. கவுண்டரில் இருந்தவருக்கு அது தெரியாதா, அல்லது தெரிந்தும் தன் தலைக்கு எதுவும் வந்துவிடக் கூடாது என்று காகிதங்களைச் சேர்க்கச் சொன்னாரா என்பதை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. எதுவானாலும் அலைந்தது அம்மாதான்.

முதியவரின் யோசனைப்படி எல்லாவற்றையும் எழுத்தில் மாற்றினோம். தேதிவாரியாக எப்போது போனோம், யார் எந்த ஆவணத்தைக் கேட்டார்கள் என்று ஒரு கடிதம் எழுதி, சுற்றறிக்கையின் நகலை இணைத்து, கிளையில் கொடுத்து ஒப்புகை முத்திரை கேட்டேன். முத்திரை போட மறுத்துவிட்டார்கள். அன்று மாலையே அதே கடிதத்தை ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் கிளைக்கும் மண்டல அலுவலகத்துக்கும் அனுப்பினேன். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, 2021 நவம்பரில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின்கீழ் ரிசர்வ் வங்கியிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். 14448 என்ற எண்ணில் அழைத்தால் புகார் செய்யும் முறையைச் சொல்கிறார்கள். பதில் வராததால், செப்டம்பர் முதல் வாரத்தில், ஒப்புகை அட்டைகளின் படத்தையும் சேர்த்து இணையத்தில் புகாரைப் பதிவு செய்தேன்.

நான்காம் நாள் கிளையிலிருந்து தொலைபேசி வந்தது. மேலாளரே பேசினார். அம்மாவை அழைத்து வரச் சொன்னார். வரிசையில் நிற்க வைக்காமல் அறைக்குள் உட்கார வைத்தார். இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார் அட்டை, இரண்டு பக்கக் கோரிக்கைப் படிவம், ஒரு புகைப்படம், இவ்வளவுதான் கேட்டார்கள். மூன்றாம் நாள், நிலுவை வட்டியோடு சேர்த்து முழுத் தொகையும் அம்மாவின் கணக்குக்கு வந்தது. கையெழுத்து ஒத்துவரவில்லை என்று இம்முறை யாரும் சொல்லவில்லை. வருத்தம் தெரிவித்தும் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் அந்த ஆவணங்களைக் கேட்டார்கள் என்று நான் எழுத்தில் கேட்டதற்கு, “கோரிக்கை தீர்க்கப்பட்டது” என்ற ஒரு வரி வந்தது. பாட்டியின் இறப்பைப் பதிவு செய்யும் கோட்டாட்சியர் ஆணையும் அடுத்த மாதம் வந்து சேர்ந்தது. அதை அம்மா அப்பாவின் சான்றிதழோடு சேர்த்து வைத்திருக்கிறார்.

2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இறந்த வாடிக்கையாளர்களின் கோரிக்கைகளுக்கெனப் புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. வங்கிகள் இவற்றை நடைமுறைப்படுத்த 2026 மார்ச் 31 வரை அவகாசம் தரப்பட்டது. அதே 15 நாள் கெடு தொடர்கிறது. வங்கியின் காரணமாகத் தாமதமானால், தாமதமான காலத்துக்கு வங்கி விகிதத்துடன் (ரிசர்வ் வங்கி அறிவிக்கும் அடிப்படை வட்டி விகிதங்களில் ஒன்று) 4 சதவிகிதம் கூட்டி வட்டி தர வேண்டும் என்பது புதிது. நாமினி இல்லாத கணக்குகளிலும், வணிக வங்கியில் 15 லட்சம் ரூபாய்வரை எளிமையான நடைமுறையில் தீர்க்க வேண்டும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினியாகப் பதிவு செய்யலாம். வீட்டில் பெரியவர்களின் பாஸ்புக் இருந்தால் இன்றே முதல் பக்கத்தைப் பாருங்கள். நாமினி பதிவு பற்றிய வரி இல்லையென்றால், படிவம் கொடுத்து, ஒப்புகை வாங்கி, அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள்.

சென்ற மாதம் எங்கள் தெருவில் கணவரை இழந்த ஓர் அம்மாளுக்கு அதே கிளையில் அதே பதிலைச் சொல்லியிருக்கிறார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குக் கிளம்பியவரை, எங்கள் அம்மாதான் வழியில் பார்த்து வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார். மறுநாள் காலையில் இருவருமாகக் கிளைக்குப் போனார்கள். அம்மா தன் பழைய கடிதத்தின் நகலையும் சுற்றறிக்கையையும் கவுண்டரில் வைத்து, “தம்பி, இதைப் படிச்சிட்டு, என்ன வேணும்னு எழுதிக் குடுங்க. நாங்க உக்கார்ந்திருக்கோம்” என்று சொல்லியிருக்கிறார். பிற்பகல்வரை இருவரும் அந்த நாற்காலிகளிலேயே உட்கார்ந்திருந்தார்கள். மாலை மூன்றரை மணிக்கு, எழுதிக் கொடுப்பதற்குப் பதிலாக, கோரிக்கைப் படிவத்தையே எடுத்து வந்து கொடுத்தார்கள். பணம் பதினோராம் நாள் வந்தது.