சித்தன்னவாசல் ஓவியத்தில் மகேந்திரன் எங்கே?

வைகைக்கரையான்:
"மகேந்திரவர்மன் தீட்டிய சித்தன்னவாசல்" என்று நேற்று இங்கே ஒருவர் படங்களோடு எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. அங்கே பாறையைக் குடைந்து எடுத்த சமணக் கோயிலான அறிவர் கோயிலின் முகப்பை ஒட்டிய பாறையில் கல்வெட்டு இருக்கிறது. அவனிபசேகரன் ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கருவறைக்கு முன்னுள்ள அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து, அதற்கும் முன்னால் முகமண்டபமும் எடுத்தான் என்கிறது அது. பாண்டியன் காலம், 9ஆம் நூற்றாண்டு. பல்லவன் மகேந்திரன் பெயர் அங்கே எங்கே?

பல்லவப்பித்தன்:
எழுதியவன் நான்தான். புதுப்பித்தான் என்றால் அதற்கு முன்பே கோயில் இருந்திருக்கிறது. தூண்களைப் பாருங்கள்: மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. அச்சு அசலாக மகேந்திரன் பாணி. 'சித்திரகாரப்புலி' என்று பட்டம் சூட்டிக்கொண்டவன் அவன். உங்கள் ஸ்ரீவல்லபனுக்கு அப்படி ஒரு பட்டம் உண்டா?

வைகைக்கரையான்:
பட்டம் இருந்தால் ஊரில் உள்ள ஓவியமெல்லாம் அவனுடையதாகிவிடுமா? அதே தூண் பாண்டிய நாட்டுப் பிள்ளையார்பட்டிக் குடைவரையிலும் நிற்கிறது. மகேந்திரனின் கல்வெட்டு திருச்சி மலைக்கோட்டையில் இருக்கிறது. அதற்குத் தெற்கே அவன் பெயர் பொறித்த குடைவரை ஒன்றைக் காட்டுங்கள், பேசலாம். மீண்டும் கேட்கிறேன், பெயர் எங்கே?

சமணத்தடம்:
இரண்டு பேரும் அரசனுக்குப் பட்டா தேடுகிறீர்கள். அங்கே வாழ்ந்த துறவிகளைப் பற்றி ஒரு வரி உண்டா? மலைமேல் ஏழடிப்பட்டம் என்ற இயற்கைக் குகையில் வழவழப்பாகச் செதுக்கிய 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்ப் பிராமி எழுத்தும் அங்கே உண்டு. பல்லவனும் பாண்டியனும் வருவதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அது சமணர் மலை. கோயில் விதானத்தில், அதாவது மேற்கூரையில், தீட்டியிருப்பது வெறும் தாமரைக் குளம் அல்ல. தீர்த்தங்கரர் அறம் உரைக்கும் தெய்வீக அவையான சமவசரணத்தின் காதிகா பூமி, அதாவது அதன் நீர்நிலைப் பகுதி. யானையும் எருமையும் மீனும் அன்னமும் நிறைந்த அந்த நீரில் பவ்வியர்கள், அதாவது வீடுபேற்றுக்குத் தகுதியானவர்கள், பூப்பறிக்கிறார்கள். இதை அறியாமல் ஓவியத்தைப் பற்றி என்ன பேச்சு?

பல்லவப்பித்தன்:
அறிந்துதான் பேசுகிறேன். கருவறை விதானத்தைச் சுத்தம் செய்தபோது இரண்டு ஓவிய அடுக்குகள் தெரிந்தன. அடியில் உள்ள கம்பள வடிவம் பழையது. இதை ஏன் விழுங்கிவிட்டீர்கள் வைகைக்கரையாரே? முன்பு இங்கே நடந்த கழுகுமலை விவாதத்திலும் இதையேதான் செய்தீர்கள்.

வைகைக்கரையான்:
கழுகுமலையில் வாயடைத்துப் போனது யார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அடி அடுக்கு பழையதாகவே இருக்கட்டும். அதை மகேந்திரன்தான் பூசினான் என்று எந்த அடுக்கு சொல்கிறது? தாமரைக் குளம் மேல் அடுக்கு. மக்கள் பார்க்கப் போவது அதைத்தான். அடுத்து, தூணில் இருக்கும் அரசனையும் அரசியையும் மகேந்திரனும் அவன் தேவியும் என்பீர்கள். பெயர் எழுதியிருக்கிறதா? இல்லை.

குடுமியான்மலைக்காரன்:
இன்று கோயிலுக்கு முன்னால் நிற்கும் தூண்கள் எங்கள் ஊரிலிருந்து போனவை. 20ஆம் நூற்றாண்டில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இளங்கௌதமன் கட்டிய முகமண்டபம் இதுதான் என்று நினைத்துப் படம் எடுத்துப் போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வைகைக்கரையான்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. கட்டினான் என்றேன், இன்றும் நிற்கிறது என்றேனா?

பல்லவப்பித்தன்:
குடுமியான்மலை என்றதும் நினைவுக்கு வருகிறது. மகேந்திரனுடையது என்று சொல்லப்படும் அங்குள்ள இசைக் கல்வெட்டையும் பாண்டியனுக்கே எழுதிக் கொடுத்துவிடுவீர்களா?

குடுமியான்மலைக்காரன்:
எங்கள் ஊர்க் கல்வெட்டை உங்கள் சண்டைக்குள் இழுக்காதீர்கள்.

வைகைக்கரையான்:
இழுத்தது அவர்தான். அந்தக் கல்வெட்டு உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன், பரம மாகேசுவரன் (பெரும் சிவபக்தன்) என்று மட்டும்தான் சொல்கிறது. பல்லவன் என்ற சொல்லே அதில் கிடையாது. சிவனைக் கும்பிட்ட அரசன் தமிழ்நாட்டில் ஒருவன்தானா? வரிவரியாகப் பார்ப்போம். நாளை தனி இழை தொடங்குகிறேன், வந்து பதில் சொல்லுங்கள்.