குறி போடாத பெருக்கலுக்கு என்ன பெயர்?

கோத்தகிரி (கணித ஆசிரியை):
அனைவருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புத் தமிழ்வழிப் பயிற்சித்தாள் வியாழன் மாலை அச்சுக்குப் போகிறது. 6 ÷ 2(1 + 2) என்பதில் அடைப்புக்கு முன்னால் குறி இல்லாமல் நிற்கிறதே, அந்தப் பெருக்கலுக்கு ஒரு சொல் வேண்டும். கூகுளில் தட்டினால் 9. கேசியோ கிளாஸ்விஸ் கால்குலேட்டர் தானாகவே 6 ÷ (2(1 + 2)) என்று அடைப்புப் போட்டுக்கொண்டு 1 என்கிறது. பெயர் இல்லாமல் இந்த வேறுபாட்டைச் சொல்லிக்கொடுக்க வரவில்லை.

ஊட்டி (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
பெயர் கையிலேயே இருக்கிறது, டீச்சர். உருபு மறைந்தால் தொகை. "எல்லாத் தொகையும் ஒருசொல் நடைய" என்பது தொல்காப்பியம். 2(1 + 2) முழுவதும் ஒரே உறுப்பு, அதை உடைக்காதே என்று 1-க்கு வாதாடுபவர் சொல்வதும் அதுதானே? எனவே 'தொகைப் பெருக்கல்'. × போட்டால் 'விரிப் பெருக்கல்'. எண்ணுப்பெயரிலும் இதே கதை. இருநூறு பண்புத்தொகை, அங்கே பெருக்கல். பதினாறு உம்மைத்தொகை, பத்தும் ஆறும், அங்கே கூட்டல்.

குன்னூர் (மொழிபெயர்ப்பாளர்):
ஐயா, இலக்கணத்தில் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் 'தொகை' என்றால் கூட்டுத்தொகை. மேல்வகுப்பில் தொகையிடல் (இன்டக்ரேஷன்) வேறு வந்து நிற்கும். 'தொக்க பெருக்கல்' என்று மாற்றினாலோ, தக்காளித் தொக்கு என்று வகுப்பே சிரிக்கும். 'ஒட்டுப் பெருக்கல்' போதாதா?
அதைவிடப் பெரிய சிக்கல் வேறு. போட்மாஸ் (BODMAS: அடைப்பு, 'ஓ', வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல்) எழுத்து வரிசையை அப்படியே நம்பி, கூட்டல் முந்தி என்று 10 − 4 + 3-ஐ 10 − 7 = 3 ஆக்குகிறார்கள். கூட்டலும் கழித்தலும் ஒரே தரம். இடமிருந்து வலம் போனால் 9.

கொடைக்கானல்:
'மறைபெருக்கல்' வைக்கலாமே?

யாழ்ப்பாணத்து உறுப்பினர்:
வேண்டாம். எங்கட பாடநூல்களில் 'மறை எண்' என்றால் உங்கட குறை எண். மாணவர் −2 என்று வாசிப்பினம்.

கொடைக்கானல்:
சரி, விட்டுவிட்டேன். ஆனால் போட்மாஸில் உள்ள 'ஓ'வைப் பலர் 'ஆஃப்' (of, அதாவது 'இதில் இத்தனை பங்கு') என்றுதானே சொல்லித் தருகிறோம்? 24 ÷ 12-இல் பாதி என்றால் முதலில் பாதி, 6; பிறகு 24 ÷ 6 = 4. இடமிருந்து வலம் போனால் 2 × ½ = 1. ஆக, வகுத்தலுக்கு முந்துகிற ஒரு பெருக்கலை நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டாயிற்று. கேசியோவை மட்டும் ஏன் திட்டுவது?

கோத்தகிரி (தேயிலைக் கொழுந்து வியாபாரி, உறுப்பினர்):
ஒரு கணக்கு சொல்றேன், தாளில் சேர்த்துக்குங்க. மூட்டை 48 கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் 3 கிலோ கழிவு, கிலோ 20 ரூபாய்னு வைங்க. கடை கால்குலேட்டரில் 48 − 3 × 20 தட்டினா 900. அது ஒவ்வொரு குறியிலும் அப்பவே கணக்கை முடிச்சிடும். செல்போனில் அதையே தட்டினா −12. கொழுந்து கொடுத்தவரே காசும் கொடுக்கணும்! (48 − 3) × 20 என்று எழுதினாத்தான் ரெண்டும் ஒத்துப்போகும்.

குன்னூர்:
இந்தக் கணக்கைக் கட்டாயம் போடுங்கள், டீச்சர். அளவுகளையும் அலகுகளையும் எழுதும் முறைக்கான ஐஎஸ்ஓ 80000 என்ற உலகத் தரமும் இதே எச்சரிக்கைதான் தருகிறது: சாய்கோட்டு (/) வகுத்தலுக்குப் பின் அதே வரியில் பெருக்கலோ வகுத்தலோ வந்தால் அடைப்பு போட வேண்டும்.

கோத்தகிரி (கணித ஆசிரியை):
'ஒட்டு' என்றால் பசை போட்டு ஒட்டுவதா என்று கேட்பார்கள். நேரமாகிவிட்டது, 'குறியில்லாப் பெருக்கல்' என்றே போடுகிறேன். 6 ÷ 2(1 + 2)-ஐ விடை கேட்காமல், "எழுதியவர் எங்கே அடைப்பு போட்டிருக்க வேண்டும்? இரு வழியிலும் விடை காண்க" என்று மாற்றிவிட்டேன். மறுப்பு உண்டா?

கொடைக்கானல்: சரி.

குன்னூர்: அரைமனதாகச் சரி.

ஊட்டி:
எனக்கு மறுப்பு உண்டு. 3½ என்பதிலும் இடையே குறியில்லை, டீச்சர். அது மூன்றும் அரையும், உம்மைத்தொகை. உங்கள் பெயரைப் படித்த பிள்ளை 3 × ½ என்று பெருக்கி ஒன்றரை எழுதினால் மதிப்பெண் போடுவீர்களா?