அலைச்சறுக்குப் போட்டியின் ஹீட்டில் (ஒரு சுற்றில்) பொறுமையாக இருக்கப் பழக்குவது எப்படி?

வெள்ளவத்தை அக்கா:
என் தம்பி கல்கிசையில் அழகாகச் சறுக்குவான். அறுகம்பேயில் போட்டி என்றால் மட்டும் வருகிற அலையையெல்லாம் பிடிக்கக் கையால் துழாவுகிறான். பெரிய செட் (அடுத்தடுத்து வரும் அலைக்கூட்டம்) வரும் நேரம் தோள் சோர்ந்துவிடுகிறது. என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

தெஹிவளைக்காரன்:
அக்கா, முதலில் கணக்கைச் சொல்லுங்கள். எத்தனை அலை பிடித்தாலும் சிறந்த இரண்டுதான் சேரும். ஒவ்வொன்றும் 10க்கு, மொத்தம் 20. தொடக்கத்திலேயே சுமாரான ஓர் அலையில் 5 எடுத்து வைத்தால் பதற்றம் இறங்கும், அப்புறம் காத்திருக்கலாம். கடைசி நிமிடங்களில் தனக்கு எத்தனை புள்ளி தேவை என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 4 போதும் என்றால் 8க்கு ஆசைப்பட்டு விழக்கூடாது.

உப்புக்காற்று:
முன்னுரிமை முறை, அதாவது அலையைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை ஒருவருக்கு இருக்கும் முறை, உள்ள ஹீட் என்றால் இன்னும் கவனம். முன்னுரிமை கையில் இருக்கும்போது ஓர் அலைக்குத் துழாவித் தவறவிட்டாலும் அந்த முன்னுரிமை போய்விடும். எதிராளி அதற்காகவே ஆசை காட்டுவார்.

தெஹிவளைக்காரன்:
அதேதான். இன்னொன்று, அறுகம்பே முனையில் அலை வலப்பக்கம் நீளமாக ஓடும். ஒன்றைப் பிடித்தால் திரும்பிவர நேரம் போகும். ஹீட்டுக்கு முன் கரையில் நின்று, மணிக்கூட்டைப் பார்த்து, செட்டுகளுக்கு இடைவெளி எவ்வளவு என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள்.

வெள்ளவத்தை அக்கா:
சரி, இந்த ஞாயிறு கல்கிசையிலேயே எண்ண வைக்கிறேன்.