உடற்கூறியல் வரலாறு: ஓவியம் கற்பவர் எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

கரிக்கோடு:
வணக்கம். உருவ ஓவியம் கற்றுக்கொண்டிருக்கிறேன். தசை, எலும்பு என்று படிக்கப் போய், இந்தப் படங்களை முதன்முதலில் வரைந்தவர்கள் யார், எப்படி வரைந்தார்கள் என்று தேட ஆரம்பித்துவிட்டேன். கையில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று முழுக்க மருத்துவர்களின் கதை. ஓவியர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்னொன்று படத்தொகுப்பு, படங்கள் அழகு, ஆனால் அவை ஏன் அப்படி இருக்கின்றன என்று சொல்வதில்லை. இரண்டும் சேர்ந்து வரும்படி படிக்க எங்கே தொடங்கலாம்?

நீலத்தாள்:
யோசிக்கவே வேண்டாம், லியொனார்டோ டா வின்சி. 1510ஐ ஒட்டிய உடற்கூறு ஏடுகளைப் பாருங்கள். இதயத்திலிருந்து மகாதமனி தொடங்கும் இடத்தைக் கண்ணாடியில் செய்து, தண்ணீரில் புல்விதை கலந்து ஓடவிட்டு, சுழலைக் கவனிக்கத் திட்டமிட்டவர் அவர். அதற்கு மேல் என்ன வேண்டும்?

செதுக்குக்கட்டை:
மருத்துவப் பாடநூல்களுக்குப் படம் வரைவதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

லியொனார்டோவின் கைக்கு நிகர் இல்லை, சரி. ஆனால் அவர் அதை அச்சிடவில்லை. அவருடன் சேர்ந்து வேலை செய்த உடற்கூறு ஆசிரியர் மார்க்கன்டோனியோ டெல்லா டோர்ரே 1511இல் இறந்துபோனார்; லியொனார்டோவும் 1519இல் போய்விட்டார். அந்த ஏடுகள் மருத்துவ மாணவர்கள் கண்ணில் படாமலே பல தலைமுறை கிடந்தன. வரலாறாகப் படிக்க வேண்டுமென்றால் வெசாலியஸ் என்ற உடற்கூறு ஆசிரியரின் நூலில் தொடங்குங்கள். 1543, பாசல் நகரம். 600 பக்கங்களுக்கு மேல் போகும் அந்தப் பெரும் நூல் வந்தபோது அவருக்கு வயது 28.

முதலில் அதன் முகப்புப் படத்தில் நேரம் செலவழியுங்கள். அதற்கு முந்தைய காலத்துப் படங்களில் பேராசிரியர் உயரமான ஆசனத்தில் இருந்து நூலைப் படிப்பார், கீழே வேறொருவர் உடலை அறுப்பார். இங்கே வெசாலியஸே கீழே இறங்கி உடலின் அருகில் நிற்கிறார், அவர் கைதான் அறுக்கிறது. நூலின் வாதமே அதுதான். பழங்கால கிரேக்க மருத்துவர் கேலன் குரங்கையும் பன்றியையும் அறுத்துப் பார்த்து மனித உடலைப் பற்றி எழுதிய பல விஷயங்களை இந்த நூல் திருத்தியது. கீழ்த்தாடை இரண்டு எலும்புகள் என்றார் கேலன். மனிதருக்கு அது ஒன்றுதான் என்று வெசாலியஸ் காட்டினார்.

அடுத்து தசை மனிதர்களின் வரிசை. தோல் உரித்த உடல் நிமிர்ந்து நிற்கிறது. ஒவ்வொரு படத்திலும் ஓர் அடுக்குத் தசை குறைகிறது, உடல் மெல்ல மெல்லத் தளர்கிறது. ஒரு கட்டத்தில் கயிறு கட்டித்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. பின்னால் இடிபாடுகளும் பாலமும் ஊரும் தெரியும். படங்களைச் சரியான வரிசையில் பக்கம் பக்கமாக வைத்தால் அந்த நிலக்காட்சி ஒரே காட்சியாகச் சேரும். பெரிதாக்கிப் பார்த்தால் நிழல் கோடுகளுக்கு நடுவே குட்டிக் குட்டி எழுத்துகள் இருக்கும், ஒவ்வொரு தசைக்கும் ஓர் எழுத்து. அந்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு விளக்கத்துக்குப் போகலாம். கோட்டின் ஓட்டத்தைக் கெடுக்காமல் அந்த எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்களே, அங்கேதான் நான் அசந்துபோவேன். மரத்தில், கத்தியால் செய்த வேலை அது.

வரைந்தவர் பெயர் நூலில் இல்லை. வெனிஸ் ஓவியர் டிஷியனின் பட்டறையைச் சேர்ந்தவர்கள் என்பது பரவலான கருத்து. வெனிஸில் செதுக்கிய மரக்கட்டைகள் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி பாசலுக்குப் போயின. அவற்றில் பெரும்பாலானவை 1930கள் வரை பிழைத்திருந்து, 1934இல் மறுபடி ஒருமுறை அச்சேறின. பிறகு இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் மியூனிக்கில் அழிந்தன. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

படங்களோடு விளக்கமும் வேண்டுமானால் சாண்டர்ஸ், ஓமாலி இருவரும் 1950இல் வெளியிட்ட வெசாலியஸ் படத்தொகுதி போதும்.

அப்புறம் இரண்டு உடற்கூறு ஆசிரியர்களின் படநூல்களை அருகருகே வைத்துப் பாருங்கள். 1685இல் பிட்லூ, ஓவியர் ஜெரார்ட் டி லெரெஸ். செத்த உடல் செத்த உடலாகவே கிடக்கும், ஊசியும் கயிறும் துணியும் தெரியும். ஒரு படத்தில் துணிமேல் ஈ உட்கார்ந்திருக்கும். 1747இல் ஆல்பினஸ், ஓவியர் வாண்டலார். கண்ணளவு பிசகாமல் இருக்க எலும்புக்கூட்டுக்கு முன்னால் கயிற்று வலைகளைக் கட்டி, கட்டம் கட்டமாக அளந்து வரைந்தார்கள். ஆல்பினஸுக்கு வேண்டியது எந்த ஒரு மனிதரின் உடலும் அல்ல, குறையில்லாத உடல். அதனால் அவருடைய எலும்புக்கூடு சோலையில் உலாவுகிறது, பின்னால் கிளாரா என்ற காண்டாமிருகம் புல் மேய்கிறது! உண்மைக்கு நெருக்கமானது எது என்று கேட்டால் நான் பிட்லூ பக்கம்தான்.

நீலத்தாள்:
ஒப்புக்கொள்கிறேன். ஒன்றே ஒன்று: வில்லியம் ஹன்டர் லியொனார்டோவின் ஏடுகளை இங்கிலாந்து அரச நூலகத்தில் பார்த்து வியந்திருக்கிறார். ஆக, 18ஆம் நூற்றாண்டிலாவது ஓர் உடற்கூறு ஆசிரியர் கண்ணில் பட்டன.

செதுக்குக்கட்டை:
ஆமாம், நல்ல இடத்தைத் தொட்டீர்கள். அந்த ஹன்டரின் 1774 நூலையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்: கருவுற்ற கருப்பை, 34 படங்கள், உண்மை அளவில். பெரும்பாலானவற்றை வரைந்தவர் யான் வான் ரைம்ஸ்டைக். முன்னுரையில் செப்புத் தகட்டில் செதுக்கிய ராபர்ட் ஸ்ட்ரேஞ்சைப் பாராட்டும் ஹன்டர், வரைந்தவர் பெயரைச் சொல்லவே இல்லை. ஹென்றி கிரே என்ற மருத்துவரின் 1858 உடற்கூறு நூலிலும் ஓவியருக்கு உரியது கிடைக்கவில்லை. 363 படங்களையும் வரைந்த ஹென்றி வான்டைக் கார்ட்டருக்கு ஒரே தவணையாக 150 பவுண்டு. விற்பனையில் பங்கு கிரேக்கு மட்டும். உறுப்பின் பெயரை உறுப்பின் மேலேயே எழுதியது கார்ட்டரின் படங்கள்தான், மாணவர்கள் அந்த நூலைப் பிடித்துக்கொள்ள அது பெரிய காரணம். ரூத் ரிச்சர்ட்சன் இந்த நூல் உருவான கதையை 2008இல் எழுதியிருக்கிறார். கரிக்கோடு, நீங்கள் கேட்டது போன்ற புத்தகம் அதுதான்: ஓவியர், மருத்துவர், அச்சகம், மேசைமேல் கிடந்த ஏழைகளின் உடல்கள், எல்லாமே அதில் உண்டு.

மேசைவிளக்கு:
உடல்கள் என்று வந்துவிட்டதால் கேட்கிறேன். பெர்ன்கோஃபின் படநூலைப் பார்க்கலாமா? வரைகலையில் அதை மிஞ்ச ஆளில்லை என்று ஓவிய நண்பர்கள் சொல்கிறார்கள்.

செதுக்குக்கட்டை:
வரைகலை அப்படித்தான். ஆனால் பின்னணி தெரியாமல் அதைத் திறக்காதீர்கள். பெர்ன்கோஃப் நாஜிக் கட்சிக்காரர், வியன்னாவில் உடற்கூறியல் துறைத் தலைவர். நாஜி ஆட்சியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட குறைந்தது 1,377 பேரின் உடல்கள் அந்தத் துறைக்கு வந்ததாகப் பல்கலைக்கழகத்தின் சொந்த விசாரணையே 1998இல் சொன்னது. சில ஓவியர்கள் கையெழுத்தில் ஸ்வஸ்திகா போன்ற நாஜிச் சின்னங்களைச் சேர்த்திருந்தார்கள். பிந்தைய பதிப்புகளில் அவற்றை அழித்துவிட்டார்கள். அறுவை மேசையில் ஒரு நரம்பைக் காப்பாற்ற அந்தப் படம் உதவுமென்றால் மருத்துவர் பார்க்கட்டும், யாருடைய உடல் என்பதை மறைக்காமல். கோடு பழக அது தேவையில்லை. அதற்கு வாண்டலார் இருக்கிறார், கார்ட்டர் இருக்கிறார்.

கரிக்கோடு:
எல்லோருக்கும் நன்றி. ரிச்சர்ட்சன் புத்தகத்தைத் தேடுகிறேன். வெசாலியஸை வாங்காமல் பெரிய அளவில் பார்க்க வழி உண்டா?

செதுக்குக்கட்டை:
உண்டு. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் தளத்தில் 1543 பதிப்பின் பக்கங்கள் இருக்கின்றன. வெல்கம் கலெக்‌ஷன் தளத்திலும் ஏராளமான பழைய படத்தகடுகள் இலவசம். தசை வரிசையில் முதல் படத்தை எடுத்து, முன்கையை மட்டும் பென்சிலில் பார்த்து வரையுங்கள். பிறகு ரெம்பிராண்ட் 1632இல் வரைந்த டாக்டர் டுல்ப் உடலை அறுத்துப் பாடம் நடத்தும் ஓவியத்தில் அதே முன்கையைப் பாருங்கள். டுல்ப் இடுக்கியால் தூக்கிப் பிடித்திருக்கும் தசை விரலை மடக்கும் தசை, அவருடைய இடது கை விரல்கள் அந்த அசைவைச் செய்து காட்டுகின்றன. வரைந்ததை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.